ஒரு மார் பூவும் அரைக்கிலோ பேடகி மிளகாயும்

மாமா பெங்களூருக்கு வந்தால் முதல் வாரம் நன்றாகவே போகும். இரண்டாவது வாரம் பால்கனியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, எதிர் பிளாக்கில் எந்த வீட்டுக்கு எத்தனை பார்சல் வருகிறது என்று எண்ண ஆரம்பித்துவிடுவார். “மூணாவது மாடிக்காரன் இன்னைக்கு மட்டும் அஞ்சு வாங்கிட்டாம்மா” என்று நான் மீட்டிங் முடித்து எழுந்ததும் கணக்கு ஒப்பிப்பார். விருதுநகரில் ஒரு வத்தல் மண்டியில் முப்பத்தெட்டு வருடம் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். நாலு பேர் வாங்குவதையும் விற்பதையும் பார்க்காமல் அவரால் உட்கார முடியாது.

இந்தத் தடவை அவர் மகனுக்குத் தலைபோகிற வேலை, சனிக்கிழமையும் லேப்டாப்பை மூடவில்லை. நான்தான் போனில் தேடி ஒரு சுற்றுலாவுக்குப் பணம் கட்டினேன். ஒரே நாளில் பெங்களூரு. காலையில் பழைய சந்தைகள், மதியத்துக்கு மேல் நவீன அடையாளங்கள். கூடவே ஒரு கைடு. ஆளுக்கு இரண்டாயிரத்துச் சொச்சம். இந்த ஊரில் பதினேழு வருடமாக இருக்கிறேன். காசு கொடுத்து கைடு வைத்துக்கொண்டு சுற்றிப் பார்ப்பதில் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் நான் பார்த்த பெங்களூரு என்பது ஆபீஸ், வீடு, பள்ளிக்கூடம், ஓசூர் வழியாக ஊருக்குப் போகும் பஸ், அவ்வளவுதான். மாமாவிடம் ரசீதைக் காட்டவில்லை. “ஆபீஸ்ல குடுத்தாங்க மாமா” என்று சொல்லிவிட்டேன்.

காலை ஆறு மணிக்கு கே.ஆர். மார்க்கெட் மெட்ரோ நிலைய வாசலில் ஒன்பது பேர் கூடினோம். புனேயிலிருந்து ஒரு தம்பதி, ஜெர்மன்காரர்கள் இரண்டு பேர், கல்லூரிப் பையன்கள் மூன்று பேர், நாங்கள் இருவர். கைடு இருபத்தைந்து வயதுப் பெண். ஆங்கிலத்தில் பேசினாள், பையன்களிடம் கன்னடத்தில் பேசினாள். கழுத்தில் சின்னதாக ஒரு மைக்.

மார்க்கெட் 1928இல் கட்டியது, நான்காம் கிருஷ்ணராஜ உடையார் பெயரில். அதற்கு முன்னால் அந்த இடம் சித்திகட்டே என்ற குளம். 1905இல் பெங்களூருக்கு மின்விளக்கு வந்ததும் இந்தப் பக்கத்தில்தான். ஆசியாவிலேயே முதல் தெருவிளக்கு என்றாள் கைடு. அந்தப் பட்டத்துக்கு வேறு ஊர்களும் சண்டைக்கு வரும், நான் அதற்குள் போகவில்லை. எனக்கு அதில் வேறொரு கணக்குத் தெரியும். எங்கள் ஊர் செஞ்சிப் பக்கம். பெரியப்பா தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சிவனசமுத்திரத்து அருவியில் எடுத்த மின்சாரம் 1902இலேயே சுமார் 150 கிலோமீட்டர் கம்பியில் தங்கவயலுக்குப் போய்விட்டது. பெங்களூருக்கு வந்தது மூன்று வருடம் கழித்து. “உங்க ஊருக்கே நாங்க எரிச்சு முடிச்ச கரண்டுதான்டி” என்பார் பெரியப்பா. அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்குள் எல்லாரும் படியேறிவிட்டார்கள்.

மேல்மாடியிலிருந்து குனிந்து பார்த்தால் நடுக்கூடம் முழுக்கப் பூ. பெங்களூரைப் பற்றி யார் எழுதினாலும் போடுகிற போட்டோ அது: மஞ்சள் சாமந்தி ஒரு குவியல், ஆரஞ்சில் ஒரு குவியல், சிவப்பு ரோஜா, நடுவே சட்டையில்லாமல் தலையில் மூட்டையோடு ஒருவர். ஜெர்மன்காரர்கள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எடுத்துத் தள்ளினார்கள். நானும் ஆறேழு எடுத்தேன். ஏழாவது போட்டோவில் மாமா இருந்தார். கீழே, ஒரு சாமந்திக் குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டபடி.

நான் இறங்கிப் போவதற்குள் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பூக்காரம்மா ராயக்கோட்டைப் பக்கம்.

“ஏன் தாத்தா, என்னா தேடுறீங்க?”

“தண்ணி எம்புட்டுத் தெளிச்சிருக்கீகன்னு பாத்தேன்.”

“தெளிக்காட்டி வாடிப்போவாதா?”

“வாடாம இருக்கத் தெளிக்கிறது ஒரு கை. எடைக்குத் தெளிக்கிறது ரெண்டு கை. இது ஒண்ணரைக் கை இருக்கும்.”

அந்தம்மா வாய்விட்டுச் சிரித்து, பக்கத்துக் கடைக்காரரிடம் கன்னடத்தில் ஏதோ சொல்ல, அவரும் சிரித்தார். வத்தல் மூட்டையிலும் இதே கதைதான் என்று மாமா எனக்கு விளக்கினார். மேலே இருக்கிற வத்தல் கலகலவென்று இருக்குமாம், அடியில் கையை விட்டால் சில்லென்று தொடுமாம். மூட்டைக்கு ஒரு கிலோ தண்ணீரை மிளகாய் விலைக்கு விற்கிற வித்தை. அதனால் எந்தக் குவியலைப் பார்த்தாலும் கை தானாக அடிக்குப் போய்விடுகிறது அவருக்கு.

பூவும் அந்தம்மா மாதிரி எல்லையைத் தாண்டித்தான் வருகிறது. ஓசூர், ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து ராத்திரி வண்டியேறி விடிவதற்குள் இறங்கும். இந்தப் பக்கம் கோலார், சிக்பள்ளாபூர், ஆனேக்கல். வரமகாலட்சுமி நோன்புக்கு முந்தின நாள் இங்கே வந்து விலை கேட்டால் பூவே வேண்டாம் என்று தோன்றும். பேர் விஷயத்திலும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கல்யாணமாகி வந்த புதிதில் நான் சம்பங்கி கேட்டேன், கடைக்காரர் ‘சம்பிகே’ என்று புரிந்துகொண்டு செண்பகத்தை எடுத்து நீட்டினார். நம் சம்பங்கிக்கு இங்கே சுகந்தராஜா என்று பெயர். பெயரைப் பார்த்தால் ஏதோ சமஸ்தானத்து வாரிசு மாதிரி இருக்கிறது.

சும்மா கையை விட்டுப் பார்த்துவிட்டுப் போகக் கூடாது, போணி பண்ண வேண்டும் என்பது மாமாவின் நியாயம். பக்கத்தில் கட்டி வைத்திருந்த கனகாம்பரத்தைக் காட்டி முழம் என்ன விலை என்றார். “மொளக்கு வேணாம் தாத்தா, ஒரு மாரா வாங்கிக்குங்க” என்றாள். மொள என்றால் நம் முழம். மாரு என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம். மாமாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. “கயிறை நாங்களும் மார்க் கணக்குலதான் சொல்லுவோம். ஒரு மார்னா நாலு முழம், சரியா அளங்க.” அந்தம்மா பூச்சரத்தை நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்து அளந்தாள். அவள் ஐந்தடிக்கும் குறைவு. மாமா அவள் கையையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் ஒன்றும் சொல்லாமல் பணத்தைக் கொடுத்தார். பக்கத்துக் கடைக்காரரின் சின்ன ஸ்பீக்கர் யாரோ அனுப்பிய நாற்பது ரூபாய் வந்து சேர்ந்தது என்று கன்னடத்தில் கத்தியது. வாழையிலையில் சுற்றி நாரால் கட்டிக் கொடுத்த பொட்டலம் அன்று முழுக்க என் கைப்பையில்.

டிபன் ஒரு தர்ஷினியில், நின்றபடியே. இட்லி வடை நன்றாக இருந்தது. கைடு பெண் வாசலில் போனோடு நின்று வேனுக்காக யாரிடமோ மன்றாடிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு நடந்தது ஏழெட்டு பேட்டைகள். கெம்பே கௌடா 1537இல் மண்கோட்டை கட்டி ஊரை அமைத்தபோது தொழிலுக்கு ஒரு பேட்டை என்று பிரித்ததாகச் சொல்வார்கள். அக்கிப்பேட்டை அரிசிக்கு, பளேபேட்டை வளையலுக்கு, கும்பாரபேட்டை குயவருக்கு, காணிகரபேட்டை செக்காட்டுகிறவர்களுக்கு. அதில் பளேபேட்டையில் இப்போது வீணையும் தபலாவும் தொங்குகின்றன. பெரிய பேட்டைத் தெருவுக்குத்தான் பிற்பாடு அவென்யூ ரோடு என்று பெயர் வந்தது. பெயரைக் கேட்டு மரநிழல் எல்லாம் எதிர்பார்த்துப் போய்விடாதீர்கள். ஒரு ஆட்டோவும் ஒரு தள்ளுவண்டியும் நேருக்கு நேர் வந்தால் ஊரே நிற்கும். பழைய புத்தகக் கடைகளில் நுழைவுத்தேர்வு கைடுகள் கூரை வரை. சிக்பேட்டையில் பட்டுப்புடவைக் கடைக்காரர்கள் என்னைப் பார்த்ததும் “வாங்க வாங்க மேடம்” என்று தமிழிலேயே கூப்பிட்டார்கள். நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கும்போல.

திகளர்பேட்டையில் மட்டும் நான் கொஞ்ச நேரம் நின்றேன். தர்மராய சுவாமி கோயில். தர்மராஜாதான் மூலவர், ஆனால் ஊரே கூடுவது திரௌபதிக்காக. சித்திரைப் பௌர்ணமி ராத்திரியில் கரகம். பெண்வேடம் கட்டிய ஒருவர் பூவால் மூடிய கரகத்தைக் கை படாமல் தலையில் தாங்கி, உருவிய வாளோடு வீரகுமாரர்கள் சுற்றி வர, விடியவிடிய பேட்டைகளில் நடப்பார். ஊர்வலம் காட்டன்பேட்டையில் மஸ்தான் தர்கா முன்னால் நின்றுவிட்டுத்தான் மேலே போகும். நடத்துகிறவர்கள் திகளர்கள். இந்த ஊருக்குக் காய்கறியும் பூவும் விளைவித்துக் கொடுத்த தோட்டக்காரச் சமூகம். தமிழ் நாட்டுப் பக்கமிருந்து வந்தவர்கள் என்பது வழிவழிப் பேச்சு. திகளர் என்ற சொல்லே கன்னடத்தில் தமிழரைக் குறித்த பழைய சொல்தான். கைடு இதையெல்லாம் மைக்கில் சொல்லிக்கொண்டிருக்க, நான் எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் நின்றுகொண்டிருந்தேன். பதினெட்டு நாள் பாரதம், துகில் உரியும் நாள் கூத்து, கடைசியில் தீமிதி. ஆறாம் வகுப்பில் அந்தக் கூத்தைப் பார்த்துப் பயந்து காய்ச்சல் வந்தது எனக்கு. அந்த அம்மன் எனக்கு முன்னாலேயே செஞ்சிப் பக்கத்திலிருந்து கிளம்பி இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள், நான் பதினேழு வருடமாக எட்டிப் பார்க்கவில்லை. பொட்டலத்தைப் பிரித்து ஒரு முழம் கிள்ளிக் கொடுத்தேன். மாமா மீதியைச் சுற்றும்போது, “மூணு முழம் இருக்கணும், இப்ப ரெண்டேமுக்கால்தான் இருக்கு” என்றார்.

பத்தரைக்குக் கோட்டை வாசலில் வேன் நிற்கும் என்று திட்டம். கோட்டை என்று சொன்னாலும் மிச்சமிருப்பது டெல்லி கேட்டும் கொஞ்சம் சுவரும்தான். மண்கோட்டையை ஹைதர் அலி கல்லாக்கினார், 1791 மார்ச்சில் கார்ன்வாலிஸ் படை பேட்டையைப் பிடித்து, பிறகு கோட்டையையும் பிடித்தது. பக்கத்திலேயே திப்புவின் கோடைக்கால அரண்மனை. ஹைதர் 1781இல் ஆரம்பித்து திப்பு முடித்தது அதே 1791இல். தேக்குத் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. சொர்க்கமே பொறாமைப்படும் மாளிகை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கட்டி முடித்த வருடமே ஊர் கைவிட்டுப் போயிருக்கிறது, சொர்க்கத்தின் கண் பட்டுவிட்டது போல.

வேன் வரவில்லை. எங்கேயோ மேம்பாலத்துக்குக் கீழே மாட்டிக்கொண்டது. பதினொன்றேகால் ஆனது. புனேக்காரர் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து முனகினார். கைடு பெண் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த முக்கால் மணி நேரம்தான் அன்றைக்கு உருப்படியான நேரம் என்பது மாமாவின் கட்சி.

தும்மல் சத்தம்தான் அவரை இழுத்துக்கொண்டு போனது. பக்கத்தில் தரகுபேட்டை, தானிய மண்டிகள், பருப்பு, வெல்லம், புளி, மிளகாய். பெரிய வியாபாரமெல்லாம் யஷ்வந்தபுரத்து யார்டுக்குப் போய்விட்டாலும் இங்கே இன்னும் லாரி நிற்கிறது, கொக்கியோடு ஆள் நிற்கிறது. தரகுபேட்டை என்றால் தரகுக்காரர்களின் பேட்டைதானே என்று மாமா கேட்டார். தானியத்துக்கான பேட்டை என்று நான் படித்ததைச் சொன்னேன். “தரகு இல்லாம எங்கம்மா தானியம் வித்துச்சு” என்று தெருவுக்குள் நுழைந்துவிட்டார்.

கடைக்காரருக்கும் மாமா வயதுதான் இருக்கும். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், முன்னால் வாய் திறந்த மூட்டை ஐந்தாறு. மாமா ஒரு மூட்டையிலிருந்து ஒரு வத்தலை எடுத்து, காதுக்குப் பக்கத்தில் ஆட்டினார். விதை கலகலத்தால் காய்ச்சல் சரி என்று அர்த்தம். காம்பைக் கிள்ளினார். முறித்து முகர்ந்தார். நகத்தால் தோலைக் கீறி வெளிச்சத்தில் பார்த்தார். நீளமாக, தோலெல்லாம் சுருங்கி மடிப்பு மடிப்பாக, ரத்தச் சிவப்பில் இருந்தது அது. முப்பத்தெட்டு வருடம் மிளகாயோடு வாழ்ந்தவர், ஒரு குழந்தையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

“பேடகி” என்றார் கடைக்காரர். ஹாவேரி மாவட்டத்து ஊர், அந்த ஊர்ப் பெயரே மிளகாய்க்கு. பிறகு மெதுவாக, காது கேட்காதவருக்குச் சொல்வது போல, “கார இல்லா. பண்ண.”

மாமா என்னைப் பார்த்தார். “காரம் இல்லங்கிறார். புரியுது. அதுக்கு என்ன பண்ணச் சொல்றார்?”

பண்ண என்றால் கன்னடத்தில் நிறம் என்று நான் சொன்னதும், இரண்டு பேருக்கும் நடுவில் என் வேலை முடிந்துவிட்டது. அதற்கப்புறம் மாமா தமிழிலும் அவர் கன்னடத்திலும் பேசிக்கொண்டே போனார்கள். நம்பரும் ஊர்ப் பெயரும் போதுமானதாக இருந்தது. குண்டூரா? காரம். சாத்தூர் சம்பா? அவர் உதட்டைப் பிதுக்கிவிட்டு, அப்புறம் தலையாட்டினார். ராமநாதபுரம் முண்டு? உருண்டையாக விரலால் காட்டி, தெரியும் என்றார். நிறத்துக்கு இது, காரத்துக்கு நம்முடையது, இரண்டையும் கலந்து அரைத்தால் குழம்பு எப்படி இருக்கும் என்று மாமா கையைச் சுழற்றிக் காட்ட, பாக்கெட் மசாலாக்காரர்கள் செய்வது அதைத்தான் என்கிற மாதிரி அவரும் கையைச் சுழற்றினார். இந்தப் பேடகியிலிருந்து எடுக்கிற சாயம் லிப்ஸ்டிக் வரைக்கும் போகிறது என்று நான் எங்கோ படித்ததைச் சொன்னேன். இரண்டு பேருமே கண்டுகொள்ளவில்லை.

விலை என்று வந்தபோது மாமா தோளிலிருந்த துண்டை எடுத்து வலது கைமேல் போட்டு நீட்டினார்.

எனக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. கடைக்காரருக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, துண்டுக்குள் கையை விட்டார். மாட்டுச் சந்தையில் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். எந்த விரலைப் பிடித்தால் எவ்வளவு, எத்தனை அழுத்தினால் எவ்வளவு என்று சுற்றி நிற்பவனுக்குத் தெரியாமல் விலை பேசுவது. துண்டு லேசாக அசைந்தது. மாமா இல்லை என்று தலையாட்டினார். மறுபடி அசைந்தது. கடைக்காரர் மேலே பார்த்தார், யோசிக்கிற மாதிரி. மூட்டை தூக்குகிற பையன்கள் இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் போயிருக்கும். கடைசியில் இருவரும் ஒன்றாகக் கையை எடுத்துக்கொண்டார்கள்.

அத்தனையும் அரைக்கிலோ மிளகாய்க்கு.

“என்ன விலைக்கு முடிஞ்சது மாமா?”

“அத வெளிய சொல்றதில்ல.”

பணத்தையும் அவரே மடித்துக் கொடுத்தார். இன்றுவரை எனக்குத் தெரியாது.

வேன் வந்தது. ஏசி, மெத்தை இருக்கை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். இனிமேல் நவீன பெங்களூரு என்றாள் கைடு. நவீன பெங்களூருவின் முதல் ஒரு மணி நேரம் டவுன் ஹால் சிக்னலிலும் அதற்கடுத்த சிக்னலிலும் கழிந்தது. நடுவில் ஒரு ஓட்டலில் சாப்பாடு, சுமார். அவள் கவுன்டரில் நின்று பில்லைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

விதான சௌதாவை வெளியே கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்த்தோம். 1951இல் நேரு அடிக்கல் நாட்டியது. பின்னால் முதலமைச்சராக வந்த கெங்கல் ஹனுமந்தய்யா திட்டத்தைப் பெரிதாக்கி, 1956இல் கட்டி முடித்தார்கள். சிறைக்கைதிகளும் வேலை செய்த கட்டடம். நெற்றியில் கன்னடத்தில் எழுதியிருப்பதைக் கைடு படித்துக் காட்டினாள்: சர்க்காரத கெலச தேவர கெலச. அரசு வேலை கடவுள் வேலை.

“சரிதான். எந்தக் கச்சேரிக்குப் போனாலும் தரிசனம் கெடைக்க அம்புட்டு நேரமாகுதுல்ல” என்றார் மாமா. கைடு பெண் சிரித்துவிட்டாள். மொழிபெயர்க்காமலே சிரித்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“தமிழ் தெரியுமா உனக்கு?”

“சிவாஜிநகர்க்கா நானு” என்றாள். “டூர்ல இங்கிலீஷ் மட்டும்தான் பேசணும்னு ரூல்.”

காலையில் பூக்காரம்மாவிடம் நடந்தது, திகளர்பேட்டையில் நான் முணுமுணுத்தது எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது. அதற்குப் பிறகு மைக்கில் ஆங்கிலமும் மைக் இல்லாமல் தமிழுமாக ஓடியது. விதான சௌதாவை வடிவமைத்தவர் பி.ஆர். மாணிக்கம் என்று மைக்கில் சொன்னாள். எதிரே சாலைக்கு அந்தப் பக்கம் சிவப்பாக நிற்கிற உயர்நீதிமன்றம், பதினெட்டு இலாகாக்கள் இருந்ததால் அட்டாரா கச்சேரி. சாங்கி என்ற வெள்ளைக்கார இன்ஜினியர் போட்ட திட்டம், 1868இல் முடிந்தது. அதன் கட்டுமானத்தைக் கவனித்தவர் ஆற்காடு நாராயணசாமி முதலியார் என்பதையும் மைக்கில் சொன்னாள். “எங்க பாட்டி இந்தப் பக்கம் பஸ்ல போறப்பல்லாம் ‘நம்ம முதலியார் கட்டுனது’ன்னு கும்பிடும்” என்பதை மைக்கை மூடிக்கொண்டு சொன்னாள். அந்த முதலியார்தான் 1873இல் தொடங்கிய பள்ளிக்கூடம் ஆர்.பி.ஏ.என்.எம்.ஸ் என்ற எழுத்துக்கூட்டமாக இன்னமும் நடக்கிறது. அட்டாரா கச்சேரியை எண்பதுகளில் இடிக்கப் பார்த்தார்கள், வழக்குப் போட்டுத்தான் காப்பாற்றினார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். இடித்திருந்தால் விதான சௌதா யாரைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கும் என்று தெரியவில்லை.

கப்பன் பார்க்கைத் தாண்டினால் வேறு ஊர். உண்மையிலேயே வேறு ஊராக இருந்ததுதான். 1809இல் வெள்ளைக்காரர்கள் தண்டு இறக்கிய கன்டோன்மென்ட் இந்தப் பக்கம், மைசூர் ராஜாவின் பேட்டை அந்தப் பக்கம், இரண்டுக்கும் தனித்தனி நிர்வாகம். 1949இல்தான் ஒரே கார்ப்பரேஷன் ஆனது. தண்டோடு மதராஸ் மாகாணத்திலிருந்து வந்த சிப்பாய், சமையல்காரர், கொத்தனார், கான்ட்ராக்டர், வண்டிக்காரர் என்று நம் ஆட்கள் வந்து சேர்ந்தது இந்தப் பாதியில். பெங்களூர்த் தமிழர் என்று பொதுவாகச் சொல்கிறோமே, அந்தப் பாதித் தமிழரும் திகளர்பேட்டைக்காரர்களும் ஒரே வழியில் வந்தவர்கள் இல்லை. நாங்கள் ஐடிக்காரர்கள் மூன்றாவது வண்டி. இதெல்லாம் டூர் திட்டத்தில் வராது. அதில் இருப்பது பழையது, புதியது என்று இரண்டே பெட்டி. ரஸ்ஸல் மார்க்கெட் எந்தப் பெட்டி என்று அவர்களுக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும், ‘நேரம் இருந்தால்’ என்று போட்டிருந்தார்கள். நேரம் இல்லை. கைடு பெண் டிரைவரிடம் ஏதோ பேசி வண்டியைத் திருப்பச் சொன்னாள்.

1927இல் கட்டி 1933இல் திறந்தது, நகராட்சி ஆணையராக இருந்த ரஸ்ஸல் பெயர் என்று மைக்கில் வேகமாக முடித்துவிட்டாள். 2012இல் தீப்பிடித்ததையும் சொன்னாள். அப்புறம் மைக்கைக் கழற்றிப் பையில் போட்டாள். “இதோ, இந்தத் தூணுக்குக் கீழதான் எங்க பாட்டி கீரை வித்தாங்க.”

“என்ன கீரை?” என்றார் மாமா. வேறு யாராக இருந்தாலும் அடடா, அப்படியா என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

“அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை. மழை நாள்ல புதினாவும் கொத்தமல்லியும்.”

“கட்டு எங்க வாங்கினாக?”

“அல்சூர் தாண்டித் தோட்டம் இருந்துச்சாம். விடியங்காத்தால தலைச்சுமையாவே நடந்து வந்துருவாங்களாம்.”

மாமா அந்தத் தூணடியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அங்கே டிராகன் பழம் அடுக்கியிருந்தது. விலை கேட்டார், வாங்கவில்லை. நான் பொட்டலத்தைப் பிரித்து ஒரு முழம் கனகாம்பரத்தை அவளிடம் கொடுத்தேன். குதிரைவால் போட்ட தலையில் எப்படி வைப்பது என்று தெரியாமல் ரப்பர் பேண்டைச் சுற்றிக்கொண்டாள். நீலச் சீருடை டீ-ஷர்ட்டுக்கு நன்றாகவே இருந்தது.

எதிரே மரியன்னை பசிலிக்கா. மாதாவுக்குப் புடவை கட்டியிருப்பார்கள். செப்டம்பர் 8 திருவிழாவுக்கு இந்தத் தெருவே காவி உடுத்தும், ஆரோக்கிய மாதாவே என்று தமிழில்தான் கூப்பாடு. செஞ்சியிலிருந்து வந்த கிறிஸ்தவர்கள்தான் இங்கே முதல் குடியேறிகள், அவர்கள் வெள்ளை நெல் போட்டதால் ‘பிளி அக்கிப் பள்ளி’ என்று பெயர் வந்து, அதுவே வெள்ளைக்காரன் வாயில் பிளாக்பள்ளி ஆனது என்று ஒரு கதை உண்டு. ஒரே நாளில் இரண்டாவது தடவை செஞ்சி. எங்கள் ஊரில் இவ்வளவு பேர் கிளம்பிப் போயிருந்தால் ஊரில் யார்தான் இருந்தார்கள்!

மிச்சம் ஒரு மணி நேரத்தில் மிச்ச நவீனம் முழுவதும். எம்.ஜி. ரோட்டில் யுட்டிலிட்டி பில்டிங், 25 மாடி, 1973. கட்டிய காலத்தில் இந்த ஊரிலேயே உயரமானது. வெளியூர்க்காரர்கள் அண்ணாந்து பார்ப்பதற்கென்றே வருவார்களாம். இப்போது யாரும் நிமிர்வதில்லை. அழுக்குப் படிந்து, ஓய்வுபெற்ற அதிகாரி மாதிரி நிற்கிறது. யூ.பி. சிட்டி 2008இல் வந்தது. கடை கடையாகக் கண்ணாடி, கடைக்குள் ஆளில்லை. மாமா ஒரு கைப்பையின் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, காவலாளியிடம் “போணி ஆச்சா தம்பி?” என்று கேட்டார். அவன் வடக்கத்திப் பையன், சல்யூட் வைத்தான். 2011இல் இந்த ஊரின் முதல் மெட்ரோ ஓடிய எம்.ஜி. ரோடு நிலையத்தில் டூர் முடிந்தது. மாலை ஆறரை. ஜெர்மன்காரர்கள் கை குலுக்கினார்கள். கைடு பெண் மாமாவிடம் “வரேன் தாத்தா” என்றாள். காலையில் அங்கிள் என்றவள்.

வீட்டுக்கு வந்ததும் மாமா ஹாலில் தினசரித்தாளை விரித்து மிளகாயைக் கொட்டி, ஒவ்வொன்றாகக் காம்பு தடவிப் பார்த்தார். நாளைக்குப் பால்கனியில் வெயில் எத்தனை மணிக்கு வரும் என்று விசாரித்தார். மிச்சமிருந்த கனகாம்பரத்தை நான் ஈரத்துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வைக்கும்போது, வாங்கி முழங்கையால் அளந்து பார்த்துவிட்டு, “ஒண்ணே முக்கால்தான். நான் அப்பவே நெனச்சேன், அந்தம்மாவுக்குக் கை குட்டை” என்றார்.

ராத்திரி பத்து மணிக்கு அந்தச் சுற்றுலாக்காரர்களிடமிருந்து போனில் ஒரு இணைப்பு வந்தது. உங்களுக்கு மிகவும் பிடித்த இடம் எது, ஐந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தரகுபேட்டை அதில் இல்லை. அடுத்தது, சேவையை எப்படி மேம்படுத்தலாம். மாமாவிடம் கேட்டேன்.

“அந்தப் புள்ள காலையில இருந்து ஒண்ணுமே சாப்பிடலம்மா. இட்லிக் கடையிலயும் போனு, மத்தியானமும் கணக்கு. அத எழுது.”

நானும் அவளோடுதான் பன்னிரண்டு மணி நேரம் இருந்தேன். எனக்கு அது கண்ணில் படவே இல்லை. எழுதினேன். எழுதி முடித்துப் பார்த்தால் அந்தக் கட்டத்துக்குள் தமிழ் எழுத்து எல்லாம் சதுரம் சதுரமாக விழுந்திருந்தது. அழித்துவிட்டு ஆங்கிலத்தில் திரும்ப எழுதி, ஐந்து நட்சத்திரம் போட்டு அனுப்பினேன்.